மனைக்குள் அடங்காத ஏரி

பழவேற்காட்டைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களில் ஏரியை அழித்துவிடலாம் என்று சொல்பவர் இன்று ஒருவர்கூட இல்லை. துறைமுகம் வரட்டும், பசுமை வளையத்தோடு வரட்டும் என்கிறார்கள். தொழிற்பூங்கா வரட்டும், கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே வெளியே விடட்டும் என்கிறார்கள். சுற்றுலா விடுதி வந்தால் என்ன, மூங்கிலிலும் ஓலையிலும் கட்டிச் சூரிய மின்தகடு பொருத்திவிட்டால் போயிற்று என்கிறார்கள். வளர்ச்சியும் சூழலும் ஒன்றோடொன்று மோத வேண்டியதே இல்லை, கவனமாகத் திட்டமிட்டு நேர்த்தியாக வடிவமைத்தால் எந்த இடத்திலும் எதையும் கேடில்லாமல் கட்டிவிடலாம் என்பதுதான் இந்தப் பேச்சுகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் நம்பிக்கை.

இதை நம்புகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். பொறியியல் கல்லூரிகளில் இதைத்தான் கற்பிக்கிறார்கள். அரசு அலுவலகங்களில் கோப்புகள் இதன்படிதான் நகர்கின்றன. சூழல்மீது உண்மையான அக்கறை கொண்ட நண்பர்கள் பலரும் முழுக்க எதிர்ப்பதைவிட நல்ல வடிவமைப்பைக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது என்று வாதிடுகிறார்கள். அவர்களோடுதான் எனக்கு வழக்கு. மனையின் எல்லைக் கல்லை நட்ட பிறகு தொடங்கும் எந்தத் திட்டமும், அது எவ்வளவு பசுமையாக இருந்தாலும், பழவேற்காட்டைக் காப்பாற்றாது. இந்த ஏரியில் கேடு மனைக்குள் நடப்பதில்லை. மனைக்கு வெளியே, பல கிலோமீட்டர் தள்ளி, சில ஆண்டுகள் கழித்து நடக்கிறது. அங்கே அது போய்ச் சேரும்போது மனைக்காரரின் கணக்கு முடிந்திருக்கும், குப்பத்துக்காரரின் கணக்கு தொடங்கியிருக்கும்.

ஏரி என்று பழக்கத்தில் சொல்கிறோம். உண்மையில் இது கடலும் ஆறும் சேர்ந்து உண்டாக்கிய உவர்நீர்க் காயல். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய காயல். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்குச் சொந்தம். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலைத் தடுத்து நிற்கிறது. தெற்கிலிருந்து ஆரணியாறும் மேற்கிலிருந்து காளங்கியும் வடக்கிலிருந்து சுவர்ணமுகியின் கிளையும் நன்னீர் கொண்டுவருகின்றன. பக்கிங்காம் கால்வாய் இதற்குள் நுழைந்து வெளியேறுகிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆள் நடந்து போகக்கூடிய இந்த ஆழம் குறைந்த நீர்தான் வெள்ளை இறாலையும் பச்சை நண்டையும் மடவையையும் வளர்க்கிறது.

இறாலின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்த இடத்தின் உண்மையான எல்லை எது என்பது விளங்கும். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். கண்ணுக்கு எளிதில் படாத குஞ்சுகள் ஏற்றத்து நீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வருகின்றன. சேற்றிலும் நீர்ப்புல்லிலும் சில மாதம் தின்று வளர்ந்து, வற்றத்து நீரோடு திரும்பக் கடலுக்குக் கிளம்புகின்றன. அந்தத் திரும்பும் வழியில்தான் பழவேற்காட்டு மீனவர்கள் கழி நட்டுச் சுத்து வலை கட்டுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகினால் முகத்துவாரத்து மணல் கடலுக்குத் தள்ளப்படும், வாய் திறக்கும். கோடையில் ஆறு ஓய்ந்ததும் கடல் மணலைக் கொண்டுவந்து குவிக்கும், வாய் தூர்ந்துபோகும். வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே நீர் மாறாது. வெயிலில் உப்பு ஏறி, கடல் நீரைவிடக் கரிக்கும். குஞ்சு உள்ளே வராது, வந்தது வளராது. மணல் மேட்டை வெட்டிவிட ஊர்கள் தாங்களே பணம் திரட்டிய ஆண்டுகளும் உண்டு.

ஆக, கோட்டைக்குப்பத்து மீனவரின் தொழில் நடக்கும் இடம் எது? அவர் வீடும் வலை காயவைக்கும் மணலும் மட்டும் அல்ல. முகத்துவாரம் அதில் சேரும். வற்றத்தில் வெளித்தெரியும் சேற்றுத் திட்டு சேரும். ஆரணியாற்றுக்குக் குறுக்கே பிச்சாட்டூரில் நிற்கும் அணை சேரும். தெற்கே எண்ணூரில் கடலுக்குள் நீட்டிய கல்சுவரும் சேரும். இவற்றில் எதுவும் எவருடைய பட்டாவிலும் கிடையாது. எந்தத் திட்டத்தின் மனை வரைபடத்திலும் இவை ஒன்றாக இடம்பெற்றதில்லை.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். திட்ட மனையை நடுவில் வைத்து 10 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் காற்று, நீர், மண், ஒலி ஆகியவற்றை அளப்பார்கள். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் அளவீடு இருந்தால் போதும் என்பது நெடுநாள் வழக்கம். பழவேற்காட்டில் அந்த நீங்கலான காலம்தான் ஆண்டின் உயிர்நாடி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்ன மழை பெய்தது, ஆறு எவ்வளவு தண்ணீர் கொண்டுவந்தது, வாய் எந்த வாரம் திறந்தது என்பதை வைத்தே அடுத்த ஒன்பது மாதத்து வருமானம் அமைகிறது. அதை விட்டுவிட்டு, கோடையில் வாய் அடைத்துக் கிடக்கும்போது சேற்றைப் பார்த்துவிட்டு, இங்கே உயிர்வளம் குறைவு என்று ஒருவர் நேர்மையாகவே எழுத முடியும். அளந்தவர் பொய் சொல்லவில்லை. அளக்க வைத்த சட்டகம்தான் பிழை. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும். செயற்சுருக்கத்தை மட்டும் உள்ளூர் மொழியில் தந்தால் போதும் என்கிறது 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. தன் ஏரியைப் பற்றி எழுதப்பட்ட பல நூறு பக்கங்களில் எது தவறு என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், அந்தப் பக்கங்களைப் படிக்க முடியாதவராக நிறுத்தப்படுகிறார்.

மணலின் கதைக்கு வருவோம். நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டு முழுவதும் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே கல்சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய உண்மை அல்ல. 1876-இல் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் கொட்டத் தொடங்கியதிலிருந்து நம் கண்முன்னே நடப்பது. மெரினா கடற்கரை விரிந்தது அந்தச் சுவரால். ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்ததும் அதே சுவரால். அரிப்பைத் தடுக்க அங்கே கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே தள்ளிப்போனது, அங்கேயும் கல் கொட்டினார்கள். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அதற்கும் வடக்கே, கடலுக்கும் உள்நீருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் மேட்டில்தான் காளாஞ்சி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம் போன்ற ஊர்கள் இருக்கின்றன. அந்த மணல் மேடு கரைந்தால் ஊர் போவதோடு நிற்காது. கடலையும் காயலையும் பிரிக்கும் சுவரும் சேர்ந்து போகும்.

2018-இல் அதானி குழுமம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை வாங்கியது. பிறகு முன்வைத்த விரிவாக்கத் திட்டம் சுமார் 6,100 ஏக்கர் கேட்டது. அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து உண்டாக்க வேண்டியது. ஆண்டுக்கு 24 மில்லியன் டன் அளவிலிருந்து 320 மில்லியன் டன் சரக்கு கையாளும் நிலைக்கு உயர்த்துவது நோக்கம், மதிப்பீடு 53,000 கோடி ரூபாய்க்கும் மேல். 2021 ஜனவரி 22-இல் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்பும் நடக்கவில்லை, 2023 செப்டம்பர் 5-இல் அறிவித்த கூட்டமும் நடக்கவில்லை. மீனவர்கள் விடாமல் எதிர்த்து வந்தார்கள். அப்போது கேட்ட வாதங்களில் என்னை அதிகம் உறுத்தியது, இத்தனை பெரிய திட்டம் நிபுணர்களின் கையில் இருப்பதால் பாதிப்புகளைத் தணித்துவிட முடியும் என்ற நம்பிக்கைதான். மனைக்குள் மரம் நடலாம், தூசியை அடக்கலாம், விளக்குகளை மங்கலாக்கலாம். வடக்கே போகவேண்டிய மணலை அந்த மரங்கள் கொண்டுபோய்ச் சேர்க்காது.

வடிவமைப்பின் திறமையை நான் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று தோன்றினால், உலகத்திலேயே அந்தத் திறமையில் முதல்வரிசையில் நிற்கும் நாட்டை எடுத்துக்கொள்வோம். பழவேற்காட்டுக்கும் அந்த நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் ஊருக்குள் இருக்கிறது. 1953-இல் நெதர்லாந்தில் கடல் புகுந்து 1,800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தென்மேற்கில் உள்ள கடல் வாய்களை அணை கட்டி அடைக்க முடிவு செய்தார்கள். அவற்றுள் ஒன்று கிழக்கு ஷெல்ட். அதை அடைத்தால் எங்கள் சிப்பித் தொழில் செத்துவிடும் என்று அங்குள்ள மீனவர்கள் கிளர்ந்தார்கள், சூழலியலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். அரசு கேட்டது. முழு அணைக்குப் பதிலாக, சாதாரண நாளில் திறந்தே கிடந்து புயலின்போது மட்டும் மூடும் மதகுத் தடுப்பை மிகுந்த பொருட்செலவில் கட்டினார்கள். 1986-இல் அது முடிந்தது. மீனவர் குரலைக் கேட்டு, பணத்துக்குத் தயங்காமல், ஆகச் சிறந்த பொறியாளர்கள் வடிவமைத்தது அது.

இன்று அந்தக் கழிமுகத்தின் சேற்றுத் திட்டுகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. தடுப்பின் தூண்கள் ஏற்ற வற்ற நீரின் அளவைக் குறைத்தன. குறைந்த நீருக்குப் பழைய வாய்க்கால்கள் அளவுக்கு மீறிய ஆழமாகிவிட்டன. அவை திட்டுகளிலிருந்து மணலை இழுத்து ஆழத்தை நிரப்பிக்கொள்கின்றன, திரும்ப மேலே ஏற்றும் விசை நீருக்கு இல்லை. பறவைகள் இரை தேடும் நிலம் சுருங்குகிறது. டச்சு அரசு வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து திட்டுகள்மேல் போட்டு வருகிறது. அந்தத் தடுப்பு கட்டியதே தவறு என்று நான் வாதிடவில்லை, அவர்களுக்கு உயிர்ப் பயம் இருந்தது. ஆனால் அங்கேயே அப்படி ஆனதென்றால், காயலின் வாயருகே எதையும் கட்டிவிட்டுப் பாதிப்பைத் தணித்துவிடலாம் என்று பழவேற்காட்டில் எந்தத் துணிவில் சொல்கிறோம்? கோடிக் கணக்கில் செலவழித்துத் திட்டுக்கு மணல் கொண்டுவந்து போட இங்கே யார் இருக்கிறார்கள்?

எதிர்த்தரப்பின் இன்னொரு கூற்று இதைவிட ஆழமாகப் புண்படுத்துவது. மீனவர்களுக்குத் திட்டமிடத் தெரியாது, பரம்பரையாகப் பிடிக்கிறார்கள், யாராவது வந்து ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது. இப்படிச் சொல்கிறவர்கள் பாட்டு முறையைக் கேள்விப்பட்டதில்லை.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூக மீனவர்கள் பல தலைமுறையாக இந்த முறையை நடத்துகிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டி, இறால் அதிகம் திரும்பும் நீர்வழிகள் ‘பாடு’ எனப்படும். எல்லாப் பாடும் ஒன்றுபோல விளைவதில்லை. வாய்க்கு அருகில் கிடைப்பது உள்ளே கிடைக்காது. யார் முந்துகிறாரோ அவருக்கு என்று விட்டால் பணமும் படகும் உள்ளவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்வான். ஆகவே ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன, ஊருக்குள் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு இடத்தைப் பிரித்துக்கொள்கின்றன. இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். எந்த வலை, எந்த இடத்தில், யார் முறை என்பதெல்லாம் ஊர்க் கட்டுப்பாடு. மீறினால் தண்டம். நீரின் வேகத்தை, இறால் நகரும் நேரத்தை, அமாவாசை பௌர்ணமி ஏற்றத்தை, ஆள் எண்ணிக்கையை எல்லாம் கணக்கில் எடுத்துச் செய்த ஒதுக்கீடு இது. நகரமைப்புத் துறை ஒரு மனைப் பிரிவுக்கு அனுமதி தரும்போது செய்வதைவிட நுட்பமான வேலை. அங்கே நிலம் அசையாமல் கிடக்கிறது. இங்கே பங்கிடும் பொருள் மணிக்கு மணி நகர்கிறது.

இந்த முறையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. பாட்டு முறையில் பட்டினவர் அல்லாதவருக்கு இடமில்லை. தலித் மீனவர்களும் இருளர்களும் மற்றவர்களும் நல்ல நீர்வழிகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள், அதனால் பல சச்சரவுகள் எழுந்தன. பெண்களுக்குச் சீட்டு இல்லை. ஆனால் ஓர் ஏற்பாடு அநீதியானது என்பதற்கும் ஏற்பாடே இல்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு. அநீதியான பங்கீட்டை விரிவாக்கித் திருத்தலாம். இல்லை என்று எண்ணித் துடைத்துவிட்டால் பட்டினவரும் இழப்பார்கள், இருளரும் இழப்பார்கள்.

இருளர் பெண்கள் இறால் பிடிப்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்குச் சேற்றின் மதிப்பு தெரியும். வலை கிடையாது. இடுப்பளவு, சில இடங்களில் மார்பளவு நீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். விரலில் இறால் பட்டதும் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போடுவது ஒரு நொடி வேலை. உள்ளங்கைக்குச் சேறு எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதை வைத்தே அங்கே இறால் இருக்குமா என்று சொல்லிவிடுவார்கள். மணல் கூடினால் இல்லை, சாம்பலோ எண்ணெயோ கலந்தால் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலையிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது முதலில் தொழில் நின்றது இப்படிக் கையால் தடவிப் பிடிப்பவர்களுக்கும் சிறு வலைக்காரர்களுக்கும்தான். ஆலை இருந்த மனையும் மீன் இருந்த நீரும் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தன. இணைத்தது கால்வாய். நான் மேலே சொன்ன வாதம் முழுவதும் அந்த ஒரு வாரத்தில் கண்முன் நடந்தது.

மனையைப் பார்க்காமல் நீரைப் பார்த்த தருணங்கள் நம் சட்ட வரலாற்றில் மிகக் குறைவு. அதில் ஒன்று பழவேற்காட்டுக்குக் கிடைத்தது. 1996 டிசம்பரில் இறால் பண்ணை வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. ஒவ்வொரு பண்ணையாகப் போய்க் குளம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஏரியை மையமாக வைத்துக் கோடு போட்டது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பண்ணைதோறும் பதிவும் நிபந்தனையும் என்ற பழைய பாதைக்கே திரும்பியது. மீண்டும் மனை, மீண்டும் வடிவமைப்பு.

சரணாலயம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். 1980-இல் தமிழக அரசு 153.67 சதுர கிலோமீட்டரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பூநாரைகள் வருகின்றன, கூழைக்கடாக்கள் வருகின்றன, அவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்த எல்லைக்குள் பதின்மூன்று கிராமங்கள் இருந்தன. அங்குள்ளவர்களின் நில, நீர் உரிமைகளை விசாரித்துத் தீர்க்கும் வேலை நாற்பது ஆண்டு கடந்தும் இழுத்துக்கொண்டே போனது. பத்திரம் பதிய முடியாது, வீட்டுக்கு அனுமதி கிடைக்காது. பறவைக்காக நட்ட கல்லும் தொழிற்சாலைக்காக நட்ட கல்லும் மீனவரைப் பொறுத்தவரை ஒரே வேலையைத்தான் செய்தன. அவரைக் கேட்காமல் அவர் இடத்துக்கு எல்லை வகுத்தன. சரணாலயத்தின்மேல் ஊருக்கு ஏற்பட்ட கசப்பை, எல்லையைச் சுருக்க விரும்புகிறவர்கள் இன்று பயன்படுத்திக்கொள்ள முடிகிறது என்றால், அந்தக் கசப்பை விதைத்தது உரிமைகளைத் தீர்க்காமல் விட்ட தாமதம்தான்.

‘மீனவர் பிள்ளைகள் என்றென்றும் மீனே பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா, வேலைவாய்ப்பு வேண்டாமா’ என்ற கேள்வியைத் தவிர்க்க மாட்டேன். அது நியாயமான கேள்வி. படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகட்டும், போகிறார்கள். ஆனால் ஏரியை விலையாகக் கொடுத்துத்தான் அந்த வேலையை வாங்க வேண்டும் என்பதை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? காட்டுப்பள்ளியில் முதல் துறைமுகத்துக்காக இடம்பெயர்ந்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஏரியில் பிடிபடும் நண்டு, பிடித்தவருக்கு மட்டும் சோறு போடுவதில்லை. வலை பின்னுபவர், ஐஸ் விற்பவர், ஏலம் விடுபவர், கூடையில் சுமந்து பொன்னேரிப் பேருந்தில் ஏறும் பெண், மொபெட்டில் ஊர் ஊராகப் போகும் வியாபாரி என்று ஒரு நீண்ட வரிசை அதில் பிழைக்கிறது. அறுபது வயதுப் பெண்ணுக்கும் அங்கே வேலை உண்டு. எந்தத் துறைமுகம் அவரை வேலைக்கு எடுக்கும்?

சுற்றுலாவை எல்லாருக்கும் நல்ல வழியாகச் சொல்கிறார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தும், உயிர்காப்பு உடையோ, ஆள் எண்ணிக்கைக்கு வரம்போ, கேட்பதற்கு ஓர் அமைப்போ இல்லை. ஊரிடம் பொறுப்பும் வசதியும் கொடுத்து முறைப்படுத்துவதற்குப் பதில் தடை போடுவதும், தடை மறந்ததும் விடுதி கட்டும் திட்டம் போடுவதும்தான் நடக்கிறது. பழவேற்காட்டு ஊருக்குள் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுப் பிறகு விடுதியைப் பற்றிப் பேசலாம்.

முகத்துவாரத்தைப் பற்றி எழுதுவது எனக்குக் கடினம். நிலையான முகத்துவாரம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டவர்கள் மீனவர்களே. அரசு சுமார் 27 கோடி ரூபாயில் இருபுறமும் கல்சுவர் எழுப்பி வாயைத் திறந்துவைக்கும் திட்டத்தை எடுத்துக்கொண்டது. வாய் அடைத்த கோடையில் பட்டினி கிடந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கல்சுவர் சிறியதானாலும் கல்சுவர்தான். அது பிடித்துவைக்கும் மணலை வடக்கே எடுத்துக் கொட்டும் ஏற்பாடு ஆண்டுதோறும் நடக்க வேண்டும், அதற்கான பணமும் பொறுப்பும் கட்டுமான ஒப்பந்தம் முடிந்த அன்றே முடிந்துவிடக் கூடாது. சிலிகாவில் 2000-இல் புதிய வாய் வெட்டியபோது மீன்வளம் திரும்பியது உண்மை. ஆனால் அங்கே ஏரி முழுவதற்கும் பொறுப்பான ஆணையம் ஒன்று இருந்தது. நீரோட்டத்தைப் படித்து இடம் தேர்ந்தது, வெட்டிய பிறகும் உப்பையும் மீனையும் பறவையையும் தொடர்ந்து அளந்தது. பழவேற்காட்டுக்கு இரு மாநிலத்துக்கும் பொதுவான அப்படி ஓர் ஆணையம் இல்லை. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போட்ட சாலை வடபகுதியின் நீரோட்டத்தைத் தடுக்கிறது என்று தமிழ்நாட்டுக் குப்பத்துக்காரர் யாரிடம் போய் முறையிடுவார்? காளங்கியில் வர வேண்டிய நீரை யாரிடம் கேட்பார்?

2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். பொன்னேரி வட்டாரமும் அதற்குள் வந்துவிட்டது. இனி வரும் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில், பழவேற்காட்டைச் சுற்றி எந்த நிலத்துக்கு என்ன நிறம் பூசப்படும் என்பது அடுத்த இருபது ஆண்டைத் தீர்மானிக்கும். தொழில் நிலம் என்று ஒருமுறை நிறம் விழுந்துவிட்டால் அதன்பின் மிச்சமிருப்பது பசுமை வடிவமைப்பு மட்டுமே. ஆகவே சண்டையை நிறம் விழுவதற்கு முன் போட வேண்டும். கேட்க வேண்டியதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் 2019-இல் வந்ததும் மீனவ ஊர்களின் மீன்பிடி இடங்கள், பொது இடங்கள், எதிர்கால வீட்டுத் தேவை ஆகியவற்றைக் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் குறிக்கச் சொல்கின்றன. ஏற்ற வற்றம் எதுவரை எட்டுகிறது என்பதை ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உப்பை அளந்து, ஆயிரத்தில் ஐந்து பங்கு உள்ள இடம் வரை என்று வரையறுக்கவும் சொல்கின்றன. உப்பை அளக்கும் கருவி ஒரு கைப்பையில் அடங்கும்.

மே மாதத்தில் அந்த அளவை எடுக்க வேண்டும். எடுக்கும் குழுவில் மூன்று பாட்டு ஊர்களின் ஆட்களோடு, பாட்டில் இடமில்லாத தலித் மீனவர்களும், சேற்றைக் கையால் அறிந்த இருளர் பெண்களும் ஊதியத்தோடு இருக்க வேண்டும். பாடுகள், நண்டு கிடைக்கும் திட்டுகள், கை இறால் பிடிக்கும் ஓரங்கள், படகுத் தடம், வலை உலர்த்தும் மணல், பிள்ளைகளுக்கு நாளை வீடு கட்ட வேண்டிய மேடு எல்லாம் அந்த வரைபடத்தில் தமிழில் பெயரோடு வர வேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை திரும்பவும் அளந்து சரிபார்க்க வேண்டும். அந்த வரைபடம் கிராம சபையில் வைக்கப்பட்டு ஒப்புதல் பெறும்வரை, காட்டுப்பள்ளியிலிருந்து ஆரம்பாக்கம் வரை எந்த நிலத்துக்கும் நிலப் பயன்பாட்டு மாற்றம் தரக்கூடாது என்று பெருநகர வளர்ச்சிக் குழுமம் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.